பம்ப்பில் ஓடும் படகும் நம்ம ஊர் வெள்ளமும்

ஜெட் போட் என்றதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஜேம்ஸ் பாண்ட் படம்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் ஊர் சுற்றியவர்களுக்கு நியூசிலாந்தில் குவீன்ஸ்டவுன் பக்கம், பாறைக்கு ஒரு முழம் தள்ளி டூரிஸ்டுகளை அலற வைத்துக்கொண்டு போகும் சிவப்புப் படகு. "காசு கொடுத்து பயப்படுற சமாச்சாரம்" என்று என் மச்சான் சொன்னார். சரிதான்.

ஆனால் என் கட்சி வேறு. இது விளையாட்டுச் சாமானே இல்லை. இது ஒரு பம்ப். மும்பையிலும் நம் தமிழ்நாட்டிலும் வெள்ளம் வரும்போது சனங்களை ஏற்றிவர இருந்திருக்க வேண்டிய வண்டி. ஏன் சொல்கிறேன் என்றால்... கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும். பொறுமையாகப் படியுங்கள் மக்களே, நடுவில் கங்கையும் இமயமலையும் வரும், போரடிக்காது.

முதலில் ஒரு சுய அறிமுகம். நான் பீளமேட்டுக்காரன். வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி லேத் பட்டறை, அதற்குப் பக்கத்தில் ஃபவுண்டரி. படித்தது மெக்கானிக்கல், சோறு போடுவது பம்ப், குடியிருப்பது செம்பூர். எனவே எதைப் பார்த்தாலும் எனக்கு இம்பெல்லராகத்தான் தெரியும். மாமியார் வீட்டு மிக்ஸியைக் கூட அப்படித்தான் பார்ப்பேன் :-)

ஜெட் போட்டின் சூத்திரம் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ரெண்டு நிமிடத்தில் புரியும். படகின் அடியில் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு கம்பி வலை. அதன் வழியாக ஆற்றுத் தண்ணீர் உள்ளே வருகிறது. எஞ்சினோடு இணைந்த இம்பெல்லர் அதை அழுத்தித் தள்ளுகிறது. பின்பக்கம் குறுகலான நாசில். அதன் வழியே தண்ணீர் பீய்ச்சி அடிக்க, படகு முன்னால் பாய்கிறது. தோட்டத்துக்குத் தண்ணி விடும்போது ஹோஸ் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழாய் கையைப் பின்னால் தள்ளுமே, அதே கதைதான். திருப்ப வேண்டுமென்றால் நாசிலைத் திருப்பு. பின்னால் போக வேண்டுமென்றால் ஒரு மூடியை இறக்கி, வரும் தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பிவிடு. சுக்கான் கிடையாது. வெளியே சுற்றும் புரொப்பெல்லர் கிடையாது. (கிணற்றுக்குப் போடும் ஜெட் பம்ப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு, இது வேறு.)

யோசனை பழசு. 1661-லேயே இங்கிலாந்தில் டூகுட், ஹேய்ஸ் என்ற இருவர் இந்த மாதிரி ஒரு படகுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் ரம்சி என்பவர் 1787 டிசம்பரில் பொட்டோமக் ஆற்றில் நீராவி பம்ப் வைத்து, பின்பக்கம் தண்ணீரைத் தள்ளி ஒரு படகை ஓட்டியே காட்டினார். வேகம் ஆள் நடக்கிற வேகம்தான். 1866-ல் பிரிட்டிஷ் கடற்படை 'வாட்டர்விட்ச்' என்ற பீரங்கிப் படகை இதே முறையில் கட்டி, புரொப்பெல்லர் வைத்த இன்னொரு படகோடு ஒப்பிட்டுப் பார்த்தது. கடற்படைகள் எல்லாம் புரொப்பெல்லர் பக்கமே சாய்ந்துவிட்டன. மெதுவாகப் போகும் கப்பலுக்கு நிறையத் தண்ணீரை மெல்லத் தள்ளுவதுதான் லாபம். கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளினால் நிலக்கரி வீண். கணக்கு அப்படி.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லவில்லை. என் மொத்தப் பதிவுக்கும் ஆதாரம் அந்த இடம்தான். 1889-ல் இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகு நிறுவனம் தன்னுடைய முதல் நீராவி மீட்புப் படகைக் கட்டியது. பெயர் 'ட்யூக் ஆஃப் நார்தம்பர்லாந்து'. வேண்டுமென்றே அதற்குப் புரொப்பெல்லர் வைக்கவில்லை, ஜெட் வைத்தார்கள். முழுகுகிற கப்பலைச் சுற்றிக் கயிறும் பாய்மரத் துணியும் மனிதர்களும் மிதப்பார்கள். அங்கே போய்ப் புரொப்பெல்லரைச் சுற்றினால் என்ன ஆகும்? கயிறு சுற்றிக்கொண்டால் எஞ்சின் போச்சு. ஆள் மாட்டினால் ஆளே போச்சு. அந்தப் படகு 1923 வரை ஓடி 295 பேரைக் காப்பாற்றியது. நிலக்கரி கொஞ்சம் கூடவே செலவாகியிருக்கும். ஆகட்டுமே!

நிற்க. இப்போது நியூசிலாந்துக்குப் போவோம்.

பில் ஹாமில்டன். 1899-ல் பிறந்தவர். தென் தீவில், மெக்கன்சி சீமையில் ஐரிஷ்மன் க்ரீக் என்ற ஆட்டுப் பண்ணைக்குச் சொந்தக்காரர். ரேஸ் கார் பைத்தியம் வேறு. பண்ணைக்கு மின்சாரம் வேண்டுமென்று அணை கட்டப் போய், மண் வெட்ட இயந்திரம் கிடைக்காமல் தானே ஒன்றைச் செய்து, அதுவே தொழிலாகி, பெரிய பட்டறையாக வளர்ந்துவிட்டது. அவர் ஊர் ஆறுகள் நம் பாலாறு, நொய்யல் மாதிரி அகலமாகப் பரந்து, ஏழெட்டுக் கிளையாகப் பிரிந்து, கூழாங்கல் மேல் கணுக்கால் அளவில் ஓடுபவை. ஆனால் அங்கே தண்ணீர் வருஷம் முழுக்க உண்டு, வேகமும் அதிகம். புரொப்பெல்லர் படகை இறக்கினால் முதல் வளைவிலேயே கல்லில் அடித்து உடைந்துவிடும்.

1950-களின் தொடக்கத்தில் அவர் 'ஹேன்லி ஹைட்ரோஜெட்' என்ற அமெரிக்கச் சாதனத்தைப் பற்றி அறிந்து அதை முயன்று பார்த்தார். அதில் நாசில் படகுக்கு அடியில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. வேகமும் இல்லை, கல்லிலும் இடித்தது. 1954 வாக்கில் ஹாமில்டனும் அவர் பட்டறை ஆட்களும் செய்த மாற்றம் கேட்டால் சிரிப்பு வரும். நாசிலைத் தூக்கிப் படகின் பின்பலகையில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்தார்கள். அவ்வளவுதான். மணிக்கு 11 மைல் போன படகு 17 மைல் போனது. அடியில் நீட்டிக்கொண்டிருந்த எதுவும் இப்போது இல்லை. வேகம் எடுத்துத் தண்ணீர் மேல் எழும்பிவிட்டால் ஒரு சாண் ஆழம் கூட வேண்டாம். பிறகு ரெண்டு அடுக்கு, மூணு அடுக்கு இம்பெல்லர் என்று வளர்ந்தது. 'நீங்கள்தானே கண்டுபிடித்தீர்கள்' என்று கேட்டவர்களிடம், அந்தப் பெருமை ஆர்க்கிமிடீஸுக்குப் போகவேண்டியது என்று சொல்லிவிடுவாராம். 1974-ல் சர் பட்டம், 1978-ல் மறைவு.

இவரைப் படிக்கப் படிக்க எனக்கு நம்ம ஜி.டி. நாயுடுதான் கண் முன்னால் வந்தார். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தை உதறிவிட்டு, ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதையே வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்று, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர். அதே குணம். 'இருக்கிறது ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை, நானே செய்கிறேன்' என்கிற குணம். வித்தியாசம் என்னவென்றால் ஹாமில்டனுக்கு வாசலில் ஒரு ஆறு இருந்தது. நமக்கு நொய்யல் இருந்தது... அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு பி.பி. ஏறிவிடும், வேண்டாம்.

புது வண்டி கையில் கிடைத்தால் லாங் டிரைவ் போகத்தானே தோன்றும்? 1960-ல் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாக, ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி ஜெட் படகுகள் ஏறின. ஓட்டியவர்களில் முக்கியமானவர் ஹாமில்டனின் மகன் ஜான். அதற்கு முன்னும் பின்னும் யாரும் முழுப் பள்ளத்தாக்கையும் மேல்நோக்கி ஏறியதில்லை. பின்னர் பூங்கா நிர்வாகம் அப்படி ஏறுவதற்கே தடை போட்டுவிட்டது. நியாயமான தடை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து எட்மண்ட் ஹிலாரி. எவரெஸ்ட் ஏறியாச்சு, தென் துருவத்துக்கு டிராக்டரில் போயாச்சு, 1968-ல் நேபாளத்தின் சுன்கோசி ஆற்றில் ஜெட் படகு விட்டார். அங்கிருந்து அவர் மனதில் உருவானதுதான் 1977 பயணம். கடலிலிருந்து வானம் வரை. வங்கக் கடலில் கங்காசாகரில் ஆரம்பித்து, கங்கை முழுவதையும் எதிர்நீச்சலில் ஏறி, ஆறு முடிகிற இடத்தில் கரை இறங்கி, நடந்து போய் ஒரு பனிமலை உச்சியைத் தொடுவது.

இதில் நம் ஊர்ச் சம்பந்தம் உண்டு. மூன்று படகுகள்: 'கங்கா', 'கிவி', 'ஏர் இந்தியா'. மூன்றாவது பெயரைக் கவனித்தீர்களா? அந்த நாளில் ஏர் இந்தியாவின் தலைமையகம் நம் நரிமன் பாயிண்ட் கட்டடம். 1965-ல் 9 பேரை எவரெஸ்ட் உச்சியில் ஏற்றிய இந்தியக் குழுவின் தலைவர் கேப்டன் எம்.எஸ். கோலி அப்போது ஏர் இந்தியாவில் இருந்தார். அவரும் படகில் ஏறினார். ஜான் ஹாமில்டன் சுக்கானில், மன்னிக்கவும், நாசிலில். ஹிலாரியின் மகன் பீட்டர். வாரணாசியில் தங்கி இந்து சமயம் படித்த ஜிம் வில்சன் என்ற நியூசிலாந்துக்காரர். ரெண்டு வருஷம் முன்னால்தான், 1975 மார்ச்சில், காட்மாண்டு விமான விபத்தில் ஹிலாரி தன் மனைவியையும் கடைசி மகளையும் பறிகொடுத்திருந்தார். அதை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பயணத்தைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

ஆகஸ்டில், மழைத் தண்ணீர் நிறைந்து ஓடும்போது கிளம்பினார்கள். கொல்கத்தா, பாட்னா, காசி, அலகாபாத், ஹரித்வார். கரை முழுக்க சனம். பாறையில் ஏறுகிறவர்களுக்குக் கூட்டம் சேராது. கங்கையில் ஒருவன் மேல்நோக்கிப் போகிறான் என்றால் அது யாத்திரை. காசிப் படித்துறையில் பூஜை நடந்தது. ரிஷிகேசத்துக்கு மேலேதான் உண்மையான சோதனை. மலையிலிருந்து கொட்டுகிற தண்ணீரில் படிப்படியாக ஏற வேண்டும். தேவப்பிரயாகை தாண்டி, நந்தப்பிரயாகை அருகே ஒரு அருவி குறுக்கே நின்றது. படகு அத்தோடு முடிந்தது. சுமார் 1,500 மைல்.

அங்கிருந்து பத்ரிநாத், அதற்கு மேல் ஆகாஷ் பர்பத் என்ற சிகரம். முகாமில் ஹிலாரிக்கு உயர மலை நோய் வந்து, உயிருக்கே ஆபத்தாகி, கூட இருந்தவர்கள் கீழே இறக்க, ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போனது. எவரெஸ்ட் ஏறிய மனுஷனை, அதில் மூன்றில் ரெண்டு பங்கு உயரம் கீழே தள்ளிவிட்டது. மற்றவர்கள் உச்சியைத் தொட்டார்கள். மைக்கேல் டில்லன் எடுத்த படம் இருக்கிறது, கிடைத்தால் குழந்தைகளோடு பாருங்கள்.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் வீரம், சாகசம், ஆன்மிகம் என்று மூணு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் குறை. கரையில் லட்சக்கணக்கில் நின்று கை தட்டினோமே, ஒருத்தனாவது 'இந்த எஞ்சின் என்ன, நம் ஆற்றுக்கு ஒன்று செய்யலாமா' என்று கேட்டானா? பெரிய அளவில் கேட்கவில்லை என்பதுதான் அடுத்த 40 வருஷம் சொல்கிற கதை. கடற்படை கேட்டது, அதை மறுக்கவில்லை. 2009-ல் சேர்ந்த கார் நிகோபார் வகை ரோந்துக் கப்பல்கள் கொல்கத்தாவில் கட்டப்பட்டவை, வாட்டர்ஜெட்டில் ஓடுபவை. கள்ளக் கடத்தல்காரனைத் துரத்த ஜெட் இருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற கிழவியை ஏற்ற?

இப்போது கொசுவத்தி கொஞ்சம். 2005 ஜூலை 26. மும்பைத் தமிழர்கள் யாரிடமும் அந்தத் தேதிக்கு விளக்கம் தேவையில்லை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். நான் குர்லாவில் லோக்கலை விட்டு இறங்கி, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு செம்பூர் வந்து சேர இரவாகிவிட்டது. வழியில் கண்ட மீட்புப் படை எது தெரியுமா? லாரி டியூபும் பிளாஸ்டிக் டிரம்மும் கயிறும் வைத்துக்கொண்டு நின்ற தெருப் பையன்கள். அவர்களைத் தவிர வேறு யாரையும் அந்த ராத்திரி நான் பார்க்கவில்லை. மாட்டுங்கா கிங் சர்க்கிளில் இருப்பவர்களுக்கு இது வருஷாந்திரத் திருவிழா. 2017 ஆகஸ்ட் 29-ல் மறுபடியும் ஒரு முறை பெரிசாகப் பார்த்தோம்.

அப்புறம் 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். 2005-ல் இங்கே பெய்த அதே அளவு! தாராவியில் நாலைந்து தலைமுறையாக இருக்கிற திருநெல்வேலி, தூத்துக்குடிக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பிழைக்க வந்த ஊரில் ஒரு முறை, பிறந்த ஊரில் ஒரு முறை, ஒரே மழை. அந்த ரெண்டு நாளும் தாராவியில் போன் எடுக்காத வீடு இல்லை. மறுமுனையில் மணி அடிக்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்று, சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். 300 பேர் போல ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக, மிச்சப் பேர் ஸ்டேஷனிலேயே. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போய்விட்டது, சாலையும் இல்லை. ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள். வெளியே கொண்டுவர 19-ம் தேதி ஆனது.

வெள்ளச் செய்திகளில் நீங்கள் பார்க்கிற படகு பெரும்பாலும் ரப்பர் படகு, பின்னால் தொங்குகிற அவுட்போர்டு மோட்டார். நல்ல சாமான்தான், தூக்குவது சுலபம். ஆனால் அதன் கால் தண்ணீருக்குள் ரெண்டடி போல இறங்குகிறது. வெள்ளம் என்பது ஏரி இல்லை. தண்ணீருக்கு அடியில் காம்பவுண்ட் சுவர், முள்வேலி, அறுந்த கேபிள், கவிழ்ந்த பைக், தாமிரபரணிக் கரை என்றால் வாழைத்தோட்டமும் பனங்கட்டையும். ஒரு இடத்தில் ஆறடி, பத்தடி தள்ளி முழங்கால். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் மீனவர்கள் லாரியில் படகு ஏற்றி வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்களே, அவர்கள் படகுகள் பல சுவரிலும் கம்பத்திலும் மோதி அடிபட்டன. 2015-ல் சென்னையிலும் முதலில் வந்தது மீனவர்கள்தான். அவர்கள் தைரியத்துக்குக் குறைவில்லை. அவர்கள் கையில் இருந்தது ஆழ்கடலுக்கான வண்டி.

அந்த இடத்துக்கு ஜெட். அடியில் ஒன்றும் நீட்டாது. தண்ணீரில் தத்தளிக்கிறவர் பக்கத்தில் போனாலும் காலை வெட்ட சுற்றும் பிளேடு வெளியே இல்லை. தட்டையான அலுமினியப் படகாக இருந்தால் தரை தட்டினாலும் நாலு பேர் இறங்கித் தள்ளிவிடலாம். 1889-ல் வெள்ளைக்காரன் எந்தக் காரணத்துக்காக ஜெட் வைத்தானோ, அதே காரணம்.

'சரிப்பா, அவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லாரும் வாங்கவில்லை' என்று கேட்பீர்கள். கேட்கவேண்டும். பம்ப் விற்கிறவன் பம்ப்பின் குறையையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் சர்வீஸுக்குப் போகும்போது அடி விழும்.

எரிபொருள் கூட ஆகும், மெதுவாகப் போகும்போது இன்னும் மோசம். விலையும் கூட. ஓட்டுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்: ஆபத்து வந்தால் ஆக்ஸிலரேட்டரைக் குறைப்பது நம் கால் பழக்கம், ஜெட்டில் குறைத்தால் நாசிலில் தண்ணீர் நின்று, திருப்பும் சக்தியே போய்விடும். சுவரில் நேராகப் போய் மோதுவீர்கள். தெருவுக்குள் வேகமாக ஓட்டினால் எழும்பும் அலையில் குடிசைச் சுவர் விழும். தாராவி கல்லிகளுக்குள் எந்தப் படகும் நுழையாது. அங்கே கயிறும் டிரம்மும் பையன்களும்தான் எப்போதும். நான் சொல்வது எல்.பி.எஸ். மார்க், தாராவி 90 அடி ரோடு, காலினா போன்ற பெரிய சாலைகளுக்கு, ஆற்றங்கரை கிராமங்களுக்கு.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ஜெட்டின் வாய் அடியில் இருக்கிற கம்பி வலை. தண்ணீரை இழுக்கும்போது கூடவே மிதப்பதையும் இழுக்கும். கல் வந்தால் இம்பெல்லர் தேயும், பரவாயில்லை, மாற்றலாம். பாசி வந்தால் மேலே ஒரு மூடியைத் திறந்து, படகில் உட்கார்ந்தபடியே கையை விட்டு எடுக்கலாம். பிளாஸ்டிக் பை வந்தால்? ஒரு பை வந்தால் எடுக்கலாம். நூறு நூறாக வந்தால்?

மித்தி நதியைப் பாருங்கள். விஹார், பவாய் ஏரிகளின் உபரித் தண்ணீரில் பிறந்து, ஆரே, சாக்கி நாக்கா, குர்லா, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், தாராவி வழியாக மாஹிம் கழிமுகத்தில் கடலைச் சேருகிறது. மொத்தமே 18 கிலோமீட்டருக்குள். ஏர்போர்ட் பக்கம் அதை முறுக்கி வளைத்தோம், பி.கே.சி. பக்கம் கரையை நிரப்பி நெருக்கினோம். இங்கே பலருக்கு அது நதி என்றே தெரியாது, 'நாலா' என்பார்கள். 2005 வெள்ளத்துக்குப் பிறகு அதற்கென்று ஒரு ஆணையம் அமைத்தார்கள். தூர் வாரினார்கள். அந்தத் தூர் வாரியதிலேயே 65 கோடி ரூபாய் அளவுக்கு மோசடி என்று 2025 மே மாதம் மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. வாராத தூருக்குப் பில் என்பது குற்றச்சாட்டு.

ஹாமில்டனின் படகு ஒரு சாண் தண்ணீரில், கூழாங்கல் மேல், மலை ஏறும். மாஹிமிலிருந்து குர்லா வரை மித்தியில் ஏறாது. ஐந்தாவது நிமிடம் வலை அடைத்து எஞ்சின் கத்தும். கங்கையில் அருவி வந்த பிறகு நின்ற வண்டி, இங்கே பால் கவரில் நிற்கும். நான் கேலிக்குச் சொல்லவில்லை, பம்ப் ஆசாமியாகச் சொல்கிறேன்: எங்கள் கம்பெனி கழிவுநீர் பம்ப்புகளுக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் துணி, பிளாஸ்டிக்.

அதனால் ஜெட் யோசனையைக் குப்பையில் போட்டுவிடலாமா? வேண்டாம் என்கிறேன். பெருவெள்ளத்தில் தண்ணீர் பரந்து ஓடும்போது குப்பை நாலாவில் இருப்பது போல அடர்த்தியாக இருக்காது. தாமிரபரணியில், கோதையாற்றில், வைகையில் நிலைமை மித்தி அளவுக்கு மோசமில்லை. மீட்புப் படை மொத்தமும் ஜெட்டுக்கு மாறு என்று நான் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு ரெண்டு படகு. ஓட்டுவதற்கு நம் மீனவர்கள், வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளத்தோடு பயிற்சி. இங்கே என்றால் தாராவி கோலிவாடாவிலும் மாஹிமிலும் இருக்கிற கோலிப் பசங்களை விட அந்தக் கழிமுகம் தெரிந்தவன் யார்? அவர்களைக் கேட்காமல் போடுகிற எந்தத் திட்டமும் ஃபைலில்தான் மிதக்கும்.

செய்வதற்கு நியூசிலாந்து போக வேண்டியதில்லை. அச்சு வார்க்க, இம்பெல்லர் சமன் பார்க்க, ஷாஃப்ட் சீல் போட கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை! மாட்டுங்காவிலேயே வி.ஜே.டி.ஐ. இருக்கிறது, மித்தி பிறக்கிற பவாயில் ஐ.ஐ.டி. இருக்கிறது. கடைசி வருஷ ப்ராஜெக்ட் என்று எங்கேயோ காசு கொடுத்து வாங்கி ஸ்பைரல் பைண்டிங் போடுவதற்குப் பதிலாக, அடைக்காத ஒரு இன்டேக் வலை டிசைன் பண்ணச் சொல்லுங்கள். தானே சுத்தம் செய்துகொள்ளும் வலை, பிளாஸ்டிக்கைத் துண்டாக்கும் இம்பெல்லர் முனை, இதெல்லாம் கழிவுநீர் பம்ப்பில் ஏற்கனவே பழகிய வித்தைகள். படகுக்கு அளவு மாற்றிச் செய்யவேண்டும், அவ்வளவுதான். எங்கள் சொசைட்டிப் பையன் ஒருவன் 'அங்கிள், இதில் பேப்பர் போடலாமா?' என்று கேட்டான். பேப்பரும் போடு, முதலில் ஒரு டிரம்மில் தண்ணி நிரப்பி பத்து கேரி பேக் போட்டு ஓட்டிப் பார் என்றேன்.

பீளமேட்டில் ஃபவுண்டரி வைத்திருக்கும் என் வகுப்புத் தோழனிடம் ஆறங்குல இம்பெல்லர், அலுமினியம் ஒன்று, ஸ்டெயின்லெஸ் ஒன்று, விலை கேட்டிருக்கிறேன். 'எதுக்குடா, உனக்கு என்ன பைத்தியமா' என்று கேட்டுவிட்டு, டிராயிங் அனுப்பச் சொல்லியிருக்கிறான். கொட்டேஷன் வந்ததும் அடுத்த பதிவில் போடுகிறேன்.

டிஸ்கி: நான் வேலை பார்க்கும் கம்பெனி படகுக்கு எதுவும் செய்வதில்லை, எனவே இதில் எனக்குக் கமிஷன் கிடையாது :-) 2005-லோ 2023-லோ படகில் ஏறி வெளியே வந்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், படகு எங்கே தட்டியது, எவ்வளவு நேரம் ஆனது, மோட்டாரில் என்ன சுற்றியது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். வலைக்கு எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விடுவது என்று தீர்மானிக்க அது உதவும்.